உடலும் உயிரும் போல

ஸ்ரீ ராமானுஜர் 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தார். இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். அவரது விளக்கங்களை ஏற்க இயலாமல் பிரிந்தார். பின்னர் ஸ்ரீரங்கத்தில் ஆளவந்தாரின் பீடத்தை ஏற்று, அம்மகானின் நிறைவேறாத விருப்பப்படி பிரம்மசூத்திரத்திற்கு உரை செய்ய முனைந்தார்.

உலகம் பொய்த்தோற்றமன்று, இறைவனிடமிருந்து பிரிந்து நிற்பதும் அன்று என்பது அவரது சித்தாந்தம். உடலை உயிர் தாங்கி நடத்துவதுபோல, சித்தும் அசித்துமாகிய அனைத்தையும் பகவான் உள்ளிருந்து தாங்கி நடத்துகிறார். பிரளயத்தில் சூட்சுமமாக இருந்த அந்த உடலே சிருஷ்டியில் ஸ்தூலமாக விரிகிறது. உடலின் மாறுதல்கள் உயிரைத் தீண்டாததுபோல, உலகின் குறைகள் அவரைத் தீண்டுவதில்லை.

ராமானுஜர் சொல்ல, கூரத்தாழ்வான் உரையை ஏட்டில் எழுதினார். கருத்து பொருந்தாவிடில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள், அறிவுடைமையே ஜீவனின் இலக்கணம் என்று ஆசார்யர் கூறியதும் சீடரின் எழுத்தாணி நின்றது. ஆசார்யர் சினந்தார், சீடரோ பணிவுடன் மௌனமாக இருந்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகிறது. தனித்துச் சிந்தித்தபோது விடுபட்டது புலப்பட்டது. உயிருக்கு உரியதாக இருப்பதே உடலின் இயல்பு. அவ்வாறே இறைவனுக்கு உரியவனாக இருப்பதே ஜீவனின் முதன்மையான இலக்கணம். ஆசார்யர் தமது கூற்றைத் திருத்தி எழுதச் செய்தார். அந்நூலே ஸ்ரீபாஷ்யம்.

1137-இல் அவர் பரமபதம் அடைந்தார். தாமும் இறைவனின் உடைமையே என்று உணர்ந்த மகானுக்குச் சீடரின் முன் தம்மைத் திருத்திக்கொள்வது தாழ்வாகத் தோன்றவில்லை.