யார் இந்த ரிப்பன் பிரபு? 1882-ல் அவர் போட்ட கணக்கு கல்வராயன் மலையில் ஏன் இன்னும் இடிக்கிறது?

சென்னை சென்ட்ரலை விட்டு வெளியே வந்ததும் வெள்ளை வெளேரென்று நிற்கும் கட்டடம் ரிப்பன் மாளிகை. மாநகராட்சி வரி, பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது ஒரு வேலைக்காகப் பலரும் உள்ளே போய் வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், ஒரு வெள்ளைக்கார வைஸ்ராய் என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது.

இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு மலை ஊராட்சி சாலை போடக் காசு இல்லாமல் தவிக்கும்போது, அந்தப் பிரச்சினையின் வேர் ரிப்பன் 1882-ல் எழுத வைத்த ஓர் அரசுத் தீர்மானம் வரை போகிறது. அவர் சொன்னதில் பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. அந்த மீதிப் பாதிதான் இன்றைய பட்ஜெட் சிக்கல்.

பிறந்தது பிரதமர் வீட்டில், படித்தது வீட்டிலேயே

ஜார்ஜ் ஃபிரடெரிக் சாமுவேல் ராபின்சன், 1827 அக்டோபர் 24 அன்று லண்டனில் டவுனிங் தெரு 10-ம் எண் வீட்டில் பிறந்தார். ஆமாம், பிரிட்டிஷ் பிரதமரின் வீடேதான். அப்போது அவருடைய அப்பா கோடரிச் பிரபு பிரதமர். அந்தப் பதவி சில மாதங்கள்தான் நீடித்தது.

இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடமும் போகவில்லை, கல்லூரியும் போகவில்லை. படிப்பெல்லாம் வீட்டில்தான். இளம் வயதில் கிறிஸ்தவ சோஷலிஸ்ட்டுகள் என்ற குழுவோடு சேர்ந்தார். தொழிலாளர்கள், கூட்டுறவு, கல்வி என்று பேசிய கூட்டம் அது. 1852-ல் ஜனநாயகத்தையும் மக்களின் சுயாட்சியையும் ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதன் கருத்துகள் அந்தக் குழுவின் பெரியவர்களுக்கே தூக்கலாகப் பட்டதால், நூலை வெளிவராமல் நிறுத்திவிட்டார்கள்.

அதே ஆண்டு ஹல் தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார். ஆனால் அவருடைய ஏஜென்ட்டுகள் தேர்தலில் முறைகேடு செய்தார்கள் என்று அந்த வெற்றி ரத்தானது. 1853-லேயே ஹடர்ஸ்ஃபீல்டில் நின்று மறுபடியும் நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டார். 1859-ல் அப்பா இறந்ததும் ரிப்பன் பிரபு பட்டம் வந்தது. போர்த்துறை அமைச்சர், சில மாதங்கள் இந்தியத் துறை அமைச்சர் என்று பதவிகள் தொடர்ந்தன.

லோக்கல் போர்டு, லோக்கல் வரி: யோசனை எங்கே முளைத்தது?

1870-ல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தபோது, கல்வியைக் கவனித்த மூத்த அமைச்சர் ரிப்பன். அந்தச் சட்டத்தின் மையம் என்னவென்றால், ஊர் மக்களே தேர்ந்தெடுக்கும் பள்ளி போர்டு. அந்த போர்டுக்கு உள்ளூரிலேயே வரி மூலம் பணம் திரட்டும் உரிமையும் உண்டு. அதிகாரமும் வருமானமும் ஒரே கையில். இந்த ஜோடியைப் பின்னாளில் இந்தியாவுக்கு அவர் கொண்டுவரப் பார்த்தார்.

1871-ல் அமெரிக்காவோடு இருந்த பழைய தகராறைத் தீர்த்த வாஷிங்டன் ஒப்பந்தத்துக்கு பிரிட்டிஷ் குழுவின் தலைவராகப் போய் வந்தார். அதற்குப் பரிசாக மார்க்விஸ் பட்டம். 1874-ல் யாரும் எதிர்பார்க்காத ஒரு முடிவெடுத்தார். இங்கிலாந்து ஃப்ரீமேசன்களின் தலைமைப் பதவியை விட்டுவிட்டு கத்தோலிக்கரானார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது அரசியல் தற்கொலைக்குச் சமம். எல்லாம் முடிந்தது என்றுதான் பேசினார்கள். ஆறு வருஷம் கழித்து, 1880-ல், கிளாட்ஸ்டன் அவரையே இந்தியாவின் வைஸ்ராயாக அனுப்பினார். அப்போது வயது 52.

1882 மே 18: தீர்மானத்தில் என்ன இருந்தது?

ரிப்பன் வந்தபோது இந்தியாவில் உள்ளாட்சி என்று ஒன்று இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சிக்கு அப்போதே ஏறத்தாழ 200 வயது. 1870-ல் மேயோ பிரபு செலவுப் பொறுப்புகள் சிலவற்றை மாகாணங்களுக்குத் தள்ளினார். 1871-ல் சென்னை மாகாணத்தில் நில வரியோடு ஒரு கூடுதல் வரி சேர்ந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்தப் பணத்தில். ஆனால் அதைச் செலவழிக்கும் கமிட்டியில் கலெக்டரும் அவர் சொன்னால் கேட்பவர்களும்தான். காசு கொடுத்தவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

ரிப்பனின் தீர்மானம் இதைத் திருப்பிப் போட்டது. முக்கியமான அம்சங்கள் இவை:

• போர்டில் அரசு அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முடிந்த இடமெல்லாம் தேர்தல்.

• முடிந்தவரை தலைவரும் அதிகாரி அல்லாதவராகவே இருக்க வேண்டும். அரசு வெளியிலிருந்து மேற்பார்வை பார்க்கலாம், உள்ளே உட்கார்ந்து உத்தரவு போடக் கூடாது.

• எல்லை சின்னதாக, தாலுகா அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் உறுப்பினருக்கு ஊர் தெரியும், ஊருக்கு உறுப்பினரைத் தெரியும்.

• வேலையைக் கொடுத்தால் அதற்கான வருமானத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நகராட்சிகள் சுமந்துகொண்டிருந்த போலீஸ் செலவை அரசு எடுத்துக்கொள்ளும். மிச்சமாகும் பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகும்.

• பக்கத்துப் பக்கத்து போர்டுகள் தங்கள் பிரதிநிதிகளை மாவட்ட அளவில் ஒரு பொதுக் கூட்டத்துக்கு அனுப்பலாம். நில வரி மீதான கூடுதல் வரி எவ்வளவு, பொதுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அங்கே பேசி முடிவெடுக்கலாம்.

கடைசி அம்சத்தைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதில்தான் சூட்சுமம். சின்ன எல்லை என்றால் சில இடங்களில் வருமானமும் சின்னதாகத்தான் இருக்கும். அதைச் சரிகட்ட, அக்கம்பக்கத்து ஊர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் நிர்வாகம் கொஞ்சம் தடுமாறும் என்பதும் ரிப்பனுக்குத் தெரியும். மக்கள் அரசியல் பழக இது ஒரு பள்ளிக்கூடம், அதற்காகத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலைப்பாடு.

பாராட்டும் எதிர்ப்பும்

தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை நீக்கியது, முதல் தொழிற்சாலைச் சட்டம், ஹண்டர் கல்விக் குழு, உப்பு வரிக் குறைப்பு என்று அவர் ஆட்சியில் வேறு பல வேலைகளும் நடந்தன. ஐரோப்பியர்களை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா 1883-ல் வந்தபோது வெள்ளைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

1884 டிசம்பரில் அவர் ஊருக்குக் கிளம்பியபோது வழிநெடுக இந்தியர்கள் திரண்டு வழியனுப்பினார்கள். தமிழ்நாட்டில் ரிப்பன் என்ற பெயருக்கு அப்பன் என்று எதுகை போட்டு அவரைக் கொண்டாடிய கோஷம் இன்றும் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் என்ன ஆச்சு?

1884-ல் சென்னை உள்ளாட்சி போர்டுகள் சட்டம் வந்தது. மேலே மாவட்ட போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன் என மூன்று அடுக்கு. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. ஆனால் மாவட்ட போர்டின் தலைவர் நாற்காலியில் கலெக்டரே தொடர்ந்தார். பல பத்தாண்டுகள் அப்படியே ஓடியது. 1920 சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை பெரிய அளவில் மாறியது.

காசு விஷயத்தில் இன்னொரு பிரச்சினை. போர்டின் முக்கிய வருமானம் நில வரியை ஒட்டி வந்த கூடுதல் வரி. நஞ்சை நிலம் நிறைந்த இடத்தில் பணம் கொட்டும். தஞ்சாவூர் மாவட்ட போர்டு தனி வரி போட்டு, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு சொந்தமாக ரயில் பாதையே போட்டது. 1894-ல் ரயில் ஓடியது. ஓர் உள்ளாட்சி அமைப்பு ரயில் விடுவதை இன்று கற்பனை செய்யவே முடியாது.

அதே சட்டம், அதே மாகாணம். ஆனால் வானம் பார்த்த பூமியிலும் மலையடிவாரத்திலும் அந்த வரி எவ்வளவு தேறும்? ரிப்பன் சொன்ன வேலைப் பட்டியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வருமானம் ஒன்றல்ல. வளமான பகுதி நலிந்த பகுதிக்குக் கைகொடுக்கும் அந்தப் பொது மேசை போதிய பலத்தோடு அமையவில்லை.

மலைக்கு வந்து சேர எத்தனை வருஷம்?

கல்வராயன் மலை இந்தக் கதைக்குள் ரொம்ப லேட்டாகத்தான் வருகிறது. மலையாளி பழங்குடியினர் வாழும் இந்த மலை நிலம் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் அரசு ஜாகிர்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. ரிப்பன் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையில் 94 ஆண்டுகள்.

அதற்குள் சமவெளியில் எல்லாம் மாறிவிட்டது. 1958 சட்டத்தைத் தொடர்ந்து மாவட்ட போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1993-ல் 73-வது அரசமைப்புத் திருத்தம், 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டதும் 1913-ல் இதே நவம்பர் 26 அன்றுதான். 2021 அக்டோபரில் புது மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாவட்டத்தின் 9 ஒன்றியங்களில் கல்வராயன் மலையும் ஒன்று. தலைமையிடம் வெள்ளிமலை.

இப்போது அங்கே காசு எங்கிருந்து வருகிறது?

ஒரு கிராம ஊராட்சியின் சொந்த வருமானம் என்பது வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவைதான். தொழிற்பேட்டையோ புதுசு புதுசாக அபார்ட்மென்ட்டோ உள்ள ஊராட்சிக்கு இது பெரிய தொகை. சின்னச் சின்னக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலையில், பெரும்பகுதி காடாக இருக்கும் இடத்தில், காட்டுக்கு யார் வீட்டு வரி கட்டுவது? ஆனால் செலவு மட்டும் கூடுதல். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஆகும் செலவில் மலையில் அதைப் போட முடியாது. வனத்துறை அனுமதி வேறு வாங்க வேண்டும்.

எனவே மலை ஊராட்சி மேலே இருந்து வரும் பணத்தைத்தான் நம்பியிருக்கிறது. மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி வரும் பங்கு, மத்திய நிதி ஆணைய மானியம், திட்ட நிதி. இந்தக் குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம். 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே இல்லாதபோது மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தல் நடத்தாதது ஊராட்சியின் தப்பு இல்லை. ஆனால் அடி விழுந்தது ஊராட்சிக்குத்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கியது. அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, பிழைப்பு என்று அங்கே பேசப்பட்டதெல்லாம் ரிப்பன் காலத்து போர்டுகளின் வேலைப் பட்டியலிலேயே இருந்தவை.

அந்தப் பொது மேசை இன்று இருக்கிறதா?

காகிதத்தில் இருக்கிறது. மாவட்டத் திட்டக் குழு என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்று சேர்ப்பதும், தண்ணீர் போன்ற பொது வளங்களைப் பகிர்வது பற்றிப் பேசுவதும் அதன் வேலை. ரிப்பன் சொன்ன பிரதிநிதிகள் கூட்டத்தின் இன்றைய வடிவம் என்றே சொல்லலாம். ஆனால் திட்டத்தைத் தொகுக்கும் இந்தக் குழுவின் கையில் பங்கு போடப் பணம் இல்லை.

அதோடு, கிராமப்புறத்துக்கு இந்த ஏற்பாடு மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. மலை நிற்பதில்லை. கல்வராயன் மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, இன்னொரு பக்கம் கருமந்துறையோடு சேலம் மாவட்டம். கோமுகி ஆறு மலையில் பிறந்து சமவெளி வயலுக்குப் பாய்கிறது. கீழே அணை, பாசனம், விளைச்சல். மேலே மழையைத் தாங்கும் காடு. கீழே கிடைக்கும் பலனில் மேலே இருப்பவர்களுக்கு என்ன பங்கு என்று இரண்டு மாவட்ட மக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும்.

கடைசியில் ரிப்பன் என்ன ஆனார்?

இங்கிலாந்து திரும்பியவர் கடற்படை அமைச்சர், காலனித்துறை அமைச்சர் என்று 80 வயது வரை பதவியில் இருந்தார். நடுவில் 1895-ல் ஒரு சின்ன வேலையும் பார்த்தார். யார்க்‌ஷயரில் தன் சொந்த ஊரான ரிப்பன் நகரத்தின் மேயராக ஓர் ஆண்டு இருந்தார். ஒரு துணைக்கண்டத்தையே ஆண்டவர், ஒரு சிற்றூரின் நகர்மன்றத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உள்ளாட்சியை அவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பதற்கு அது போதும்.

1909 ஜூலை 9 அன்று இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் ரிப்பன் மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் கேட்ட தேர்தல் வந்துவிட்டது, அதிகாரி அல்லாத தலைவரும் வந்துவிட்டார். 2021 தேர்தலில் வெள்ளிமலையின் ஒன்றியக் குழுத் தலைவரும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் வாக்கில் வந்தவர்தான். வேலையோடு வருமானமும், அக்கம்பக்கத்தாரோடு பங்கும் என்ற பாதி மட்டும் இன்னும் பாக்கி.