எண்ணுலக மேதை இராமானுஜன்

தேர்வில் தவறிய பிள்ளையை எண்ணிப் பெற்றோர் கலங்குவதை நம் ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஆண்டுதோறும் காண்கிறோம். அவ்வில்லங்களுக்கு ஆறுதலும் ஊக்கமும் அளிக்கவல்லது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாறு. அதனை இவ்வாண்டுவிழா மலரில் சுருங்கக் கூற விழைகிறோம்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, குடந்தையில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடைக் கணக்கர், அன்னையார் கோமளத்தம்மாள். 1904இல் குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. பட்டம் இல்லை, வேலையும் இல்லை, வறுமை மட்டுமே துணையாயிற்று. கலெக்டர் இராமச்சந்திர ராவ் பொருளுதவி செய்து காத்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தா ஆனார். பேரேடும் கோப்புமாய் வாழும் எம்மனோர்க்கு இது தனிப்பெருமை தரும் செய்தியாகும். அங்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் அவர்தம் ஆற்றலை உணர்ந்து ஊக்கினார். 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் விடுத்த இராமானுஜன், அடுத்த ஆண்டு கடல் கடந்தார்.

1915இல் அவர் வெளியிட்ட பேராய்வு மிகுபகு எண்களைப் பற்றியது. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தனக்கு முற்பட்ட எண்கள் அனைத்தினும் மிகுதியான வகுஎண்களை உடையதே மிகுபகு எண். 24, 36, 48, 60 என இவ்வரிசை நீளும்.

இத்தகைய 102 எண்களை அவர் பட்டியலிட்டார். இறுதி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 வகுஎண்கள் உண்டு! 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5, 7 ஆகியவற்றை இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒருமுறையும் பெருக்கினால் அது கிட்டும். ஆயினும் இடையில் ஓரெண் விடுபட்டது. அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதனை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வந்துவிடும்! மேதைக்கும் கை தவறுதல் உண்டு. அதனால் அவர் பெருமை குன்றவில்லை.

1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் மீண்டவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தமது 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

மாணவமணிகளே! பிற பாடங்களைப் புறக்கணித்தல் பின்பற்றத்தக்கதன்று. ஆனால் ஒரு தேர்வுத்தாள் ஒருவனை முற்றும் அளந்துவிடாது. பெரியோர்களே! இராமானுஜனுக்குக் கை கொடுக்க இராமச்சந்திர ராவும் நாராயண ஐயரும் இருந்தனர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம் மக்களுக்குக் கல்வியன்றி வேறு பொன் இல்லை. முதன்மை பெற்றவர்க்குப் பரிசளிக்கும் நாம், தவறியவர் மீண்டும் தேர்வெழுதவும் துணை நிற்போமாக!