தீவை விட்டுப் போக மறுத்தவர்

குழந்தைகளே, உலக வரைபடத்தை எடுத்து, ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பசிபிக் பெருங்கடலில் நவ்ரு தீவைத் தேடிப் பாருங்கள். எளிதில் கண்ணில் படாது. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான்! அந்தக் குட்டித் தீவைத் தனி நாடாக்கியவர்தான் ஹாமர் டிரோபர்ட். ஹாமர் என்றால் ஆங்கிலத்தில் சுத்தியல். பெயருக்கேற்ற உறுதி அவருக்கு இருந்தது.

1922-ல் நவ்ருவில் பிறந்தார். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் படித்துவிட்டு, ஊர் திரும்பி ஆசிரியரானார். (நானும் ஆசிரியராக இருந்தவன் என்பதால் எனக்கு அவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்!)

இரண்டாம் உலகப்போர் வந்தது. தீவைப் பிடித்த ஜப்பானியப் படை, 1943-ல் சுமார் 1,200 நவ்ரு மக்களைக் கப்பலேற்றி, 1,600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனது. டிரோபர்ட்டும் அவர்களில் ஒருவர். பசியும் நோயும் கடும் வேலையும் பலரைப் பலிகொண்டன. 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர்தான். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவ்ருவின் மண்ணில் பாஸ்பேட் நிறைந்திருந்தது. பயிருக்கு உரமாகும் பொருள் அது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் அதை வெட்டி எடுத்துச் சென்றன. மண்ணின் மக்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். வெட்டிய இடமெல்லாம் கூரான பாறைகள் நீட்டிக்கொண்டு நின்றன. அங்கே செடி நட முடியாது, வீடு கட்ட முடியாது.

1956-ல் டிரோபர்ட் தலைமைத் தலைவரானார். பாஸ்பேட் தீர்ந்துவிட்டால் மக்கள் எங்கே வாழ்வது? குவீன்ஸ்லாந்து கரையோரம் உள்ள கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயரலாம் என்றது ஆஸ்திரேலியா. நவ்ருவை விடப் பெரிய தீவுதான். ஆனால், அங்கே போனால் எல்லோரும் ஆஸ்திரேலியக் குடிமக்களாகிவிட வேண்டும். தனி நாடு கிடையாது. நன்றாக யோசித்துப் பாருங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? டிரோபர்ட்டும் மக்களும் 1964-ல் மறுத்துவிட்டனர்.

1968-ல் நவ்ரு விடுதலை பெற்றது. எந்த நாளில் தெரியுமா? ஜனவரி 31! ட்ரக்கிலிருந்து உயிர் தப்பியவர்கள் ஊர் திரும்பிய அதே நாள். டிரோபர்ட் முதல் குடியரசுத் தலைவரானார். 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குப் பாஸ்பேட் தொழிலை வாங்க ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 1970-ல் அது நவ்ருவின் கைக்கு வந்தது. பணம் கொட்டியது. அதில் பெரும்பகுதி பின்னாளில் வீணானது வருத்தமான கதை.

இடையில் பதவியை இழந்தார், மீண்டும் பிடித்தார். 1989-ல் ஒரேயடியாக இழந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதம், அவர் பதவியில் இருந்தபோதே, பாழாக்கிய நிலத்துக்கு ஈடு கேட்டு ஆஸ்திரேலியா மீது நவ்ரு சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. வழக்கை விசாரிக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா வாதாடியது. விசாரிக்கலாம் என்று 1992 ஜூன் 26 அன்று நீதிமன்றம் சொன்னது.

மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 15 அன்று டிரோபர்ட் மெல்போர்ன் நகரில் காலமானார். மறு ஆண்டு, 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா சம்மதித்து, நவ்ருவுடன் சமரசம் செய்துகொண்டது.