மனச்சான்றுக்குத் தலை கொடுத்த உழவர்: முத்திப்பேறு பெற்ற பிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர்

விழா மலர்களில் ஆயர்கள், குருக்கள், கன்னியர் ஆகியோரின் வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். மாடு கட்டி, சாணி வாரி, வைக்கோல் சுமந்து, ஞாயிறுதோறும் பூசைக்கு வந்துபோன ஒரு சம்சாரியின் வரலாறு மலர்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. நம் பங்கிலும் மண்ணை நம்பி வாழ்வோர் பலர் இருப்பதால், அத்தகைய ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

ஆஸ்திரியா நாட்டில், லின்ஸ் மறைமாவட்டத்தின் ஓரத்தில், சால்சாக் ஆற்றருகே சாங்க்ட் ராடெகுண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1907-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரான்ஸ் பிறந்தார். தாய் ஒரு பண்ணை வேலைக்காரி. தந்தையும் ஏழை. திருமணம் செய்துகொள்ள வசதியின்றிப் போன அவ்விருவருக்கும் பிறந்த குழந்தையைப் பாட்டிதான் வளர்த்தார். தந்தை முதல் உலகப் போரில் மடிந்தார். 1917-ல் தாய் யேகர்ஸ்டெட்டர் என்னும் விவசாயியை மணந்தபோது, அவர் பிரான்சைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் பின்னாளில் தம் நிலத்தையும் கொடுத்தார்.

இளமையில் பிரான்ஸ் சம்மனசு அல்லர். இருபது வயதில் ஐசனேர்ஸ் இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே சில காலம் கோவில் பக்கமே போகாமல் இருந்து, பின் முன்னிலும் ஆழ்ந்த விசுவாசத்தோடு ஊர் திரும்பினார். அந்த ஊரில் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். திருமணத்துக்கு முன் அவருக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது; அக்குழந்தையை அவர் கைவிடவில்லை. இதை நாம் மறைக்காமல் எழுதக் காரணம் உண்டு. பிறவியிலேயே புனிதராய்ப் பிறந்தவர்களின் கதைகள் நம்மைப் போன்றோருக்கு எட்டாதவை.

1936-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்கா என்ற பெண்ணை மணந்தார். புதுமணத் தம்பதிகள் உரோமைக்குத் திருயாத்திரை போனார்கள். அதன்பின் அந்த வீட்டில் செபமும் வேலையும் ஒன்றாயின. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். அக்காலத்து ஊர் வழக்கத்துக்கு மாறாக, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அப்பாவே தள்ளிக்கொண்டு போவாராம். அவருடையது பெரிய பண்ணை அல்ல. ஆனாலும் ஏழைகளுக்குத் தம் வீட்டு உணவைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். 1941 முதல் கோவில்பிள்ளையாகவும் பணியாற்றினார். பீடம் ஒழுங்கு செய்வதும் பூசைக்கு உதவுவதும் அவர் வேலை.

இனி, அவர் பெயரை உலகம் அறியக் காரணமான நிகழ்ச்சிக்கு வருவோம்.

இட்லர் பிறந்த பிரவுனவு நகரும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1938-ல் இட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. அதற்குச் சற்று முன் பிரான்ஸ் ஒரு கனவு கண்டார். அழகான ரயில் வண்டியொன்று மலையைச் சுற்றி வருகிறது. சிறுவர் கூட்டம் அதில் ஏற முண்டியடிக்கிறது. அந்த வண்டி நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் அறிவிக்கிறது. நாசிக் கட்சியே அந்த ரயில் என்று பிரான்ஸ் உணர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 10-ல் நடந்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு அவருடையது. ஊரார் அதையும் மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று கணக்குக் கொடுத்தார்கள். அரசு தந்த குடும்ப உதவித்தொகையையும் அவர் வாங்க மறுத்தார்.

1940-ல் படைக்கு அழைக்கப்பட்டுப் பயிற்சியும் பெற்றார். அக்காலத்தில்தான் என்ஸ் நகரில் புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 1941 ஏப்ரலில் பண்ணை வேலைக்காக வீடு திரும்பினார். மீண்டும் அழைத்தால் நாசிகளின் அநியாயப் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று அப்போதே முடிவு செய்தார்.

அவரைத் தடுக்காதவர் யார்? தாய் தடுத்தார். உறவினர் தடுத்தனர். குருக்களும் தடுத்தனர். லின்ஸ் ஆயரையே நேரில் போய்க் கேட்டார். போர் நியாயமா என்று தீர்ப்பிடுவது ஒரு குடும்பத் தலைவனின் பொறுப்பன்று, மனைவி மக்களைக் காப்பதே அவன் கடமை என்ற பதிலே கிடைத்தது. அவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் மூன்று சின்னஞ்சிறு பெண்களின் தகப்பன் நம்மிடம் வந்து இதே கேள்வியைக் கேட்டால், நாம் என்ன சொல்லியிருப்போம்? அந்த ஆயர் சொன்னதைத்தான் சொல்லியிருப்போம் என்றே தோன்றுகிறது. பிரான்சிஸ்காவும் தொடக்கத்தில் மன்றாடினார். பிறகு, எல்லாரும் எதிர்க்கும்போது தாமும் எதிர்த்தால் கணவருக்கு யாருமே இல்லாமல் போவார்களே என்று எண்ணி அவர் பக்கம் நின்றார். இந்த வரலாற்றில் நம்மை மிகவும் உருக்குவது அந்த அம்மையாரின் நிலைதான்.

1943 மார்ச் 1-ல் என்ஸ் படைமுகாமுக்குப் போய், போரிட மறுப்பதாகப் பிரான்ஸ் அறிவித்தார். காயம்பட்டோருக்குச் சேவை செய்யத் தயார் என்றும் கூறினார், அதை ஏற்பாரில்லை. லின்ஸ் சிறையிலும் பின்பு பெர்லின் டேகல் சிறையிலும் அடைக்கப்பட்டார். மூன்று மகள்களும், அப்பா சீக்கிரம் வரவேண்டும் என்று எழுதிய பலகையோடு நிற்கும் புகைப்படம் ஒன்று அவருக்குப் போய்ச் சேர்ந்தது. சூலை 6-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சூலை 13-ல் மனைவியும் பங்குக் குருவும் பெர்லின் சென்று சிறிது நேரமே அவரைக் காண முடிந்தது. பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் இட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து முந்திய ஆண்டு கொல்லப்பட்டதைச் சிறையிலே கேள்விப்பட்டபோது, தாம் தனியாளல்ல என்று அவருக்குப் பெரும் ஆறுதல் உண்டாயிற்று.

ஆகஸ்டு 9-ல் பிராண்டன்பர்க் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். கையெழுத்திட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற தாள் கடைசிவரை அவர் முன் மேசைமேல் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. மாலை 4 மணிக்கு அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36. தம் வாழ்நாளில் தாம் சந்தித்த ஒரே புனிதர் இவர்தான் என்று அங்கிருந்த ஆன்ம குரு பின்னர் ஆஸ்திரியக் கன்னியரிடம் தெரிவித்தார்.

போர் முடிந்ததும் ஊர் மாலை போட்டு வரவேற்றதோ என்றால், இல்லை. 1946-ல் சாம்பல் ஊர்க் கோவில் அருகே அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் போரில் மகனையும் கணவனையும் இழந்த வீடுகள் பல. பிரான்ஸ் செய்தது சரியென்றால் தம்மவர் செத்தது எதற்காக என்ற வேதனை அவர்களுக்கு. பழி பிரான்சிஸ்காமீது விழுந்தது. விதவை உதவித்தொகையும் சில ஆண்டுகள் மறுக்கப்பட்டது. அவர் வயலில் இறங்கி உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். கணவர் செய்த கோவில் பணியையும் தாமே ஏற்றார்.

1964-ல் கோர்டன் சான் என்ற அமெரிக்கர் எழுதிய நூலே பிரான்சை உலகுக்கு அறிவித்தது. அடுத்த ஆண்டு, நம் நாட்டில் பம்பாய்ப் பேராயராய் இருந்த தாமஸ் ராபர்ட்ஸ் ஆண்டகை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் இந்தக் குடியானவரின் நிலையை எடுத்துவைத்தார் என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதாபிமானத்தோடு இடமளிக்க வேண்டும் என்று அச்சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட ஏட்டில் எழுதியது. 1997-ல் பெர்லின் நீதிமன்றம் மரணத் தீர்ப்பை ரத்து செய்தது.

2007 அக்டோபர் 26-ல் லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸ் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அவரது திருநாள் மே 21. அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள் அது. அன்று பேராலயத்தில் 94 வயதுப் பிரான்சிஸ்கா, தம் கணவரின் திருப்பண்டத்தைக் கையில் ஏந்தி முத்தி செய்து ஆயரிடம் கொடுத்தார். அவர் 2013 மார்ச்சில், நூறு வயது நிறைந்த சில நாட்களில் இறைவனடி சேர்ந்தார்.