பறவை பார்த்தவர் செய்த கேமரா

செகண்ட் ஹேண்டில் மீடியம் ஃபார்மட் கேமரா தேடுறீங்களா? விலை பேசும் முன் விக்டர் ஹாசல்பிளாடைத் தெரிஞ்சுக்கோங்க.

1906-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிறந்தவர். பறவைகளைப் படம் எடுப்பதில் அப்படி ஒரு பைத்தியம். 1940-ல் ஸ்வீடன் விமானப்படை ஒரு ஜெர்மன் கேமராவைக் காட்டி, இதேபோல செய்ய முடியுமான்னு கேட்டது. அதைவிட நல்லதாகவே செய்து கொடுத்தார்.

1948-ல் 1600எஃப் வந்தது. அழகுதான், ஆனா ஷட்டர் அடிக்கடி மக்கர் பண்ணிச்சு. மனுஷன் விடலை. 1957-ல் ஷட்டரை லென்ஸுக்குள்ளேயே வைத்து 500சி-யைக் கொண்டுவந்தார். 1962-ல் வால்டர் ஷிர்ரா ஹூஸ்டனில் ஒரு கடையில் வாங்கிய 500சி, அவரோடு விண்வெளிக்கே போனது. 1969-ல் நிலாவிலும் ஹாசல்பிளாட்தான்.

1978-ல் விக்டர் மறைந்தார். அவர் சொத்து அறிவியலுக்கும் போட்டோகிராஃபிக்கும் உதவும் அறக்கட்டளையானது.

இதில் நமக்கென்ன? 1600எஃப் ஷோகேஸில் வைக்க. படம் எடுக்கணும்னா 500சி. ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்திக் கேளுங்க. இழுத்தா, சர்வீஸ் செலவைக் கழிச்சு விலை சொல்லுங்க. ஃபிலிம் பேக்கின் உள்பாக நம்பரும் வெளிக்கூட்டு நம்பரும் பொருந்தலைன்னா, இன்னும் குறைச்சுக் கேளுங்க. தன் கேமராவின் குறையை விக்டரே மூடி மறைக்கலை. விற்கிறவர் மறைச்சா நீங்க ஏன் காசு கொடுக்கணும்?