வண்டி வரும் நாள்

பெங்களூரிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்வோர் ஜோலார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் ஆகிய ஊர்களைக் கடந்து காட்பாடியை அடைவர். ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளுள் சிலருக்குத் தாத்தா பாட்டியின் ஊரும் இவ்வழியில் இருக்கலாம். காட்பாடியில் இறங்குவோருள் பலர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்பவர்கள். அதனைத் தோற்றுவித்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தாவும் தந்தையும் மருத்துவத் தொண்டு புரிந்த அமெரிக்கச் சமயப் பணியாளர்கள். ஐடாவுக்கோ இந்நாட்டில் தங்கிப் பணிபுரியும் எண்ணமே இல்லை. அமெரிக்காவில் படித்துவந்த அவர், நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை சிறந்த மருத்துவர். உடனே புறப்படவும் அணியமாக இருந்தார். ஆயினும் ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. பெண்ணாகிய ஐடாவை அழைத்தனர். அவரோ மருத்துவம் கற்றவர் அல்லர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

ஐடா மருத்துவம் கற்க முடிவு செய்தார். 1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையால், 1902இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனை வேலூரில் இருந்தது. நோயாளிகளோ சுற்றுப்புறச் சிற்றூர்களில் சிதறிக் கிடந்தனர். கூலிவேலை செய்வோர் மாட்டுவண்டியிலோ நடந்தோ நகருக்கு வந்து திரும்பினால் ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே புண் ஆழமாகும்வரை, கண் மங்கும்வரை பொறுத்திருந்தனர். பிறகு வந்து பயன் என்ன?

எனவே மருத்துவரே அவர்களைத் தேடிச் சென்றார். முதலில் மாட்டுவண்டியிலும், பின்னர் பெஜோ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் பயணம் நிகழ்ந்தது. மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடிவரும் வண்டியைக் கண்டு மக்கள் முதலில் அஞ்சி ஓடினராம்! அச்சம் விரைவில் நீங்கியது. வண்டி வரும் நாளில் சாலையோர மரநிழலில் கூட்டம் காத்திருந்தது. மருந்துப் பெட்டி திறக்கப்படும். புண்ணைக் கழுவிக் கட்டுவர், கண்ணுக்கு மருந்திடுவர், பல்லைப் பிடுங்குவர். ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளுக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. ஒருநாள் மட்டும் மருந்திட்டால் ஆறாப் புண் ஆறாது. அடுத்த வாரமும் வண்டி தவறாமல் வந்ததால்தான் இம்முறை பயன் தந்தது. நோயாளி கட்டை மாற்றிக்கொள்ள அதே மரத்தடிக்கு வந்தார்.

ஒரு மருத்துவரும் ஒரு வண்டியும் எத்தனை ஊர்களுக்குப் போதும்? இவ்வினாவே ஐடாவை வாட்டியது. இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்க வேண்டும் என அவர் உறுதி கொண்டார். பெண்கள் மருத்துவம் பயில முன்வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். ஆனால் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது 151 விண்ணப்பங்கள் குவிந்தன! முதலாண்டு அரசுத் தேர்வு எழுதிய ஆண்களில் ஐவருக்கு ஒருவரே தேறினர். வேலூர்ப் பள்ளியின் 14 மாணவியரும் தேறினர்.

அப்பள்ளியே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதன் முதல் இந்திய இயக்குநராக ஹில்டா லாசரஸ் என்னும் பெண் மருத்துவர் பொறுப்பேற்றார். ஓய்வுபெற்ற ஐடா கொடைக்கானலில் வாழ்ந்து, 1960ஆம் ஆண்டு மே மாதம் தம் 89ஆம் அகவையில் மறைந்தார்.

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் வழியில் கே.வி.குப்பம் என்னும் ஊர் உள்ளது. 1977இல் அக்கல்லூரி தன் ஊரகச் சுகாதார மையத்தை அங்கேதான் தொடங்கியது.