அடுப்பு செய்த அறிஞர்

மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினை நாம் அறிவோம். அவர் ஓர் அடுப்பும் செய்தார்!

1706இல் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தி செய்பவரின் பதினைந்தாம் பிள்ளையாகப் பிறந்தார். பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அச்சுத்தொழில் பயின்று பிலடெல்பியாவில் குடியேறினார்.

அங்கே குளிர்காலத்தில் வீடுதோறும் கணப்பு எரியும். அனலில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகும்; முகம் சுடும், முதுகோ குளிரும். விறகு விலையும் ஏறிக்கொண்டே போனது. ஏழைகள் என்ன செய்வார்கள்? பிராங்க்ளின் இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பு அமைத்து, நெருப்புக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டியை வைத்தார். சூடான புகை அப்பெட்டியின் மேலேறிப் பின்புறமாக இறங்கி வெளியேறும். தரைக்கடியிலிருந்து வரும் குளிர்காற்றோ பெட்டிக்குள் வளைந்து வளைந்து சென்று, சூடேறி, பக்கத் துளைகள் வழியே அறைக்குள் வரும். புகையும் காற்றும் கலப்பதே இல்லை. இரும்புதான் வெப்பத்தைக் கைமாற்றிவிடும். என்ன எளிய யுக்தி!

1744இல் இதை விளக்கி ஒரு சிறுநூல் அச்சிட்டார். பென்சில்வேனியா ஆளுநர் தனியுரிமை தர முன்வந்தார். பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைகிறோமே, நம்முடையதையும் இலவசமாகத் தருவோம் என்று மறுத்துவிட்டார். லண்டன் வணிகர் ஒருவர் அதைச் சற்றே மாற்றித் தம் பெயரில் உரிமை பெற்றுப் பணம் சேர்த்தார். அதற்கும் இவர் வழக்காடவில்லை.

ஆனால் அடுப்பில் ஒரு குறை இருந்தது. தீ தணிந்தால் புகை இறங்கிச் செல்லாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. பின்வந்தோர் அதைத் திருத்தினர். 1785இல், 79 வயதில், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் தாய்நாடு திரும்பும்போதும் புகைபோக்கிகள் ஏன் புகைகின்றன என்றே எழுதிக்கொண்டிருந்தார். 1790இல் பிலடெல்பியாவில் காலமானார்.